பதினைந்து சென்ரிமீற்றர்

ஸ்பிரிங்வேல்
12.06.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலம் என்று நம்புகிறேன். தொலைபேசியில் என்னைப் பேச விடமாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நேற்று பக்கன்ஹாமில் என் வீடு கட்டும் இடத்துக்குப் போனேன். தரையைச் சூடாக்கும் குழாய்களைக் கம்பி வலையில் கட்டி முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அதன்மேல் கொங்கிறீற் ஊற்ற இருந்தார்கள். குழாய்க்குக் குழாய் பதினைந்து சென்ரிமீற்றர் என்று வரைபடத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அளந்து பார்த்தால் எல்லா அறையிலும் முப்பது. பிளம்பர் அனோஜைக் கேட்டேன்.

"சிட்னியிலயிருந்து அண்ணை போன் எடுத்துச் சொன்னவர் அக்கா. நீங்களும் ஓம் எண்டனீங்களாம்."

நான் எப்போது ஓம் என்றேன்? இடைவெளி கூடினால் தரை ஒரு கோடு சூடும் ஒரு கோடு குளிருமாகக் கிடக்கும். குழாயில் ஓடும் தண்ணீரையும் இன்னும் கூடச் சூடாக்க வேண்டும். மூன்று மாதம் படித்து, நாலு பேரைக் கேட்டு எடுத்த முடிவு அது. பதினெட்டு வருடம் உங்கள் வீட்டில் இருந்து உங்கள் பிள்ளைகளை வளர்த்தேன். அங்கே ஒரு ஆணி எங்கே அடிப்பது என்றுகூட நான் சொன்னதில்லை. ஐம்பத்தாறு வயதில் கட்டும் இந்த வீட்டில் என்னைத்தான் கேட்க வேண்டும்.

நான் ஓம் சொல்லவில்லை என்று அனோஜுக்கு நீங்களே அழைத்துச் சொல்லுங்கள்.

தங்கை
மிருணாளினி


டூங்கபி
17.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து அண்ணி சாப்பிடவில்லை. கட்டியதை எல்லாம் அவிழ்க்க வைத்து, கொங்கிறீற் ஊற்றும் நாளையும் தள்ளிவிட்டாயாம். அனோஜ் சொன்னார். கேட்கவே வெட்கமாக இருந்தது.

முப்பத்தொரு வருடம் எஞ்சினியராக இருந்தவனுக்கு நீ குழாய்ப் பாடம் எடுக்கிறாய். தனியாள் ஒருத்திக்கு முப்பது தாராளம்.

வெளியாட்களோடு நீ மல்லுக்கட்டக் கூடாது என்றுதான் நான் பேசுகிறேன். அம்மா போன பிறகு உனக்காக எல்லா இடத்திலும் நான்தானே பேசினேன்? அந்த மன்னார்ப் பொடியன் யோன் உன்னைக் கேட்டு வந்தபோதும், உனக்கு விருப்பமில்லை என்று நானே சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு நீ ஒரு சொல் சொன்னாயா? இப்போது ஒரு குழாய்க்கு இவ்வளவு ஆட்டம்.

குளிர் கூடுகிறது. உடம்பைக் கவனி.

அண்ணா
தேவராஜா


ஸ்பிரிங்வேல்
24.06.2024

அண்ணா,

யோன் மனம் மாறிவிட்டார் என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்? குசினியில் உங்கள் மகள் ஸ்ருதிக்குப் பால் கரைத்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள். இருபத்தாறு வருடம் அதை நம்பினேன். என்னில் என்ன குறை என்று எத்தனை நாள் கண்ணாடியில் தேடினேன் தெரியுமா?

யோனின் தங்கை பேர்ளிடம் தொலைபேசி இலக்கம் வாங்கி நேற்று அவரோடு கதைத்தேன். பிறிஸ்பேனில் இருக்கிறார். பேரப்பிள்ளை பிறந்திருக்கிறதாம்.

"உங்களுக்கு விருப்பமில்லை எண்டு தேவராஜா அண்ணை சொன்னவர். அப்ப நீங்கள் சொல்லேல்லையோ?" என்று கேட்டார்.

"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு நல்லா இருங்கோ என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏன் அண்ணா?

மிருணாளினி


டூங்கபி
01.07.2024

மிருணா,

அவன் வேதக்காரன். கிறிஸ்தவனுக்கு உன்னைக் கொடுத்தால் நாலு பேருக்கு நான் என்ன பதில் சொல்வது? அதோடு அண்ணிக்கு அப்போது ஆஸ்பத்திரியில் இரவு வேலை. ஸ்ருதிக்கு ஒரு வயது. நீயும் போயிருந்தால் வீடு என்ன ஆகியிருக்கும்? என் நிலையில் நின்று யோசித்துப் பார். எல்லோருக்கும் நல்லதைத்தான் செய்தேன்.

பழையதைக் கிளறாதே. புது வீட்டில் பால் காய்ச்சும் நாளை எழுது. மூத்தவன் என்ற முறையில் அடுப்பு மூட்ட நான் வரவேண்டும்.

தேவராஜா


பக்கன்ஹாம்
03.02.2025

அண்ணாவுக்கு,

நேற்றுப் பால் காய்ச்சினோம். அடுப்பை நான் மூட்டினேன். ஸ்ருதி வந்து நின்றாள். நான்தான் கூப்பிட்டேன். அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். அழுதாள். உங்களிடம் கேட்கப் போவதாகச் சொன்னாள். அது அவள் விருப்பம்.

நீங்கள் இங்கே வரவேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதிய கடிதங்களைக் கிழித்துவிட்டு, ஏழு மாதம் கழித்து இதை எழுதுகிறேன்.

அண்ணி என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. அவவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

மிருணாளினி