அப்பாவின் பெருவிரல் பதிந்த கப்பி

செப்பர், க்ளாத்தென்

என் கண்ணு ராராஸுக்கு அம்மா எழுதுவது. ஜப்பான் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று அல்லாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நானும் இருக்கிறேன், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அப்பாவின் நாற்பதாம் நாள் சோறு நேற்று முடிந்தது, தெருவே வந்து ஓதிவிட்டுப் போனது, அவருக்குப் பிடித்த பலாக்காய்க் கறியை ஆக்கிவிட்டு நான்தான் வாயில் வைக்க முடியாமல் எழுந்துவிட்டேன்.

போனில் நீ, "என்னாலதாம்மா அப்பா போயிட்டாரு, எனக்குப் படிப்பே வேணாம்" என்று அழுதாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அன்று நடந்ததை முழுதாகக் கேள். உன் படிப்புக்காகத்தானே நம் வார்ப்புப் பட்டறையில், நெல் மெஷினில் பெல்ட் ஓடும் கப்பியை உமிச்சாம்பல் கலந்து வார்க்க இறங்கினார். உருக்கிய அலுமினியத்தில் கலக்கும் முன் உமிச்சாம்பலை நன்றாக வறுக்க வேண்டும், துளி ஈரம் இருந்தாலும் வெடித்துச் சிதறும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். அவரும் காலையில் வறுத்தார். கலந்து முதல் கப்பியை வார்த்தார், அழகாக வந்தது. "எல்லாரும் எரிச்சுக் கொட்டுற உமிடா, எம் பொண்ணு அத வச்சு நெல்லு மெஷினுக்கே கப்பி செய்யுறா பாருங்கடா" என்று பட்டறை முழுக்கப் பீற்றிக்கொண்டார். மிச்சச் சாம்பல் வாசலில் தட்டில் இருந்தது. காற்றில் அது பறந்து பக்கத்து வீட்டு மர்தினா காயவைத்த அரிசி அப்பளத்தில் விழ, அவள், "என்ன பெரியப்பா, உங்க மக சாம்பலுக்கு என் அப்பளமும் வேணுமா" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அக்கம்பக்கத்தில் ஒரு சொல் வந்தால் உன் அப்பாவுக்குத் தாங்காதே. புழுதிக்கு வாசல் தெளிப்பதுபோல சாம்பல்மேல் ஒரு கை தண்ணீரைத் தெளித்துவிட்டார். வெயிலில் மேலே வெளுத்துக் காய்ந்துவிட்டது, அடியில் ஈரம். வறுத்ததுதானே என்று அடுத்த உருக்கில் கொட்டினார், அவ்வளவுதான், வெடித்து அவர் மேலேயே சிதறிவிட்டது, ஆஸ்பத்திரியில் கண்ணே திறக்கவில்லை. நீ சொன்னதில் என்னம்மா தப்பு? மர்தினா அப்பளம் போடுவதையே விட்டுவிட்டாள், என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். நான் யாரைத் திட்டுவது?

அந்த முதல் கப்பியை இதோடு அனுப்புகிறேன். யார் வார்த்தது என்று தெரிய நம் ஆட்கள் அச்சு மணலில் பெருவிரலை அழுத்துவார்களே, அவர் விரல் அதன் விளிம்பில் புடைத்து நிற்கிறது. உறுதி பார்க்க அறுத்து உடைக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்ததால் கொடுக்க மனமில்லாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்தேன். ஆனால் அவர் அதை வார்த்தது உனக்காக. அறுத்துப் பார், எவ்வளவு தாங்குகிறது என்று எழுதிப் படிப்பை முடி. வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. அல்லா உன்னைக் கைவிட மாட்டான், என் ஆயுளும் உனக்கே.

மறந்துவிடாதே கண்ணு, அந்த விரல் இருக்கும் ஓரத்தில் மட்டும் ரம்பம் படவேண்டாம். அதை எனக்குத் திருப்பி அனுப்பிவிடு.

உன் அம்மா,
சுமிரா