நியூயோர்க் அல்ல, செயின்ட் லூயிஸ்

ஜூன் 14, ஞாயிறு இரவு

இன்று லண்டன் ஹரோவில் என் பெறாமகள், தங்கையின் மகள் பவானி வீட்டில் பிறந்தநாள் விருந்து. ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். என் மருமகள் சுகந்தி தயங்காமல், "நியூயோர்க்" என்றாள். கொன்வென்ரில் படித்த நாளிலிருந்து பொய் என் காதுக்கு ஒத்துவராது.

"இல்லைப் பிள்ளை, செயின்ட் லூயிஸ்," என்றேன், எல்லோர் முன்னிலையிலும். "மிருகக்காட்சிசாலைக்கும் ஓவிய நூதனசாலைக்கும் உள்ள போக ரிக்கற்றே தேவையில்லை. எங்கட வீட்டு அஞ்சு பேருக்கும் கட்டுபடியாகிற இடம் அதுதான்."

"அமெரிக்கா போய் ஆரும் அங்க நிப்பினமோ, மாமி?" என்று பவானியின் கணவர் சிரித்தார். பவானி சிரிக்கவில்லை. "போன வருஷம் ஒர்லாண்டோ கேளிக்கைப் பூங்காவில வரிசையில நிண்டே களைச்சுப் போனம். முழு விபரமும் அனுப்புங்கோ, பெரியம்மா."

நோர்பரியில் எங்கள் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது சுகந்தி, "காதுக்குள்ள சொல்லியிருக்கலாமே, மாமி. சனத்துக்கு முன்னால எனக்கு முகமே இல்லாமல் போச்சு," என்றாள்.

பொய்யைத் திருத்தியதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் நான் சொன்னது பாதி உண்மைதான். அந்த ஊரைத் தேடிப் பிடித்தவளே சுகந்தி. வேலை முடிந்து வந்து, அந்த ஊர்ப் பூங்காவில் நான் உட்கார்ந்து இளைப்பாற எங்கெங்கே வாங்கு போட்டிருக்கிறது என்றுகூடப் பார்த்து வைத்தவள். அதை நான் அங்கே சொல்லவில்லை.

காலையில் பவானிக்கு நானே போன் எடுப்பேன். எல்லாம் சுகந்தியின் கெட்டித்தனம், அவளிடமே கேள் என்பேன். சுகந்தி குசினியில் தேநீர் போடும் நேரமாகப் பார்த்து, கொஞ்சம் உரத்த குரலில்.