அப்பாவின் கேமராவில் பட்ட குண்டு

க்வோர்ன், டிசம்பர்

அன்புள்ள டாம்சினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் பதறாமல் படி. அபர்டீனில் குளிர் எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே ஆஸ்திரேலியக் கோடையில் ஓடை வற்றிவிட்டது, ஆடுகளுக்குத் தொட்டித் தண்ணீர்தான்.

கேமரா கீழே விழுந்து உடைந்தது என்று அப்பா போனில் உன்னிடம் சொன்னாராமே, அது உண்மையில்லை. போன வாரம் எரி நட்சத்திரம் கொட்டிய ராத்திரி, ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு பண்ணை வண்டியில் வடக்கு வேலியோரம் போனார். ஷட்டரை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டும், பொட்டு வெளிச்சம் பட்டாலும் படம் போய்விடும் என்று டார்ச்சைக்கூட எடுத்துப்போகவில்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு பெரிய விளக்கு இருட்டைத் துழாவுவது ஜன்னலில் தெரிந்தது. பக்கத்துப் பண்ணை டார்சி கங்காரு சுட வந்திருக்கிறான் என்று எனக்கு உறைப்பதற்குள் துப்பாக்கி வெடித்தது. அங்கே போன் எடுக்காது. காரை எடுத்து, எல்லா விளக்கையும் போட்டு, ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே ஓட்டினேன். பாதி வழியில் இன்னொரு வெடி. போய்ப் பார்த்தால் பண்ணை வண்டியருகே அப்பா குப்புறக் கிடக்கிறார், சட்டையெல்லாம் ஈரம். ரத்தம் என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தேநீர், டாம்சின். பிளாஸ்கை எடுக்க வண்டிக்கு வந்தவர், வெடிச்சத்தம் கேட்டுக் கீழே விழுந்து கத்தியிருக்கிறார், டார்சியின் எஞ்சின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. ஸ்டாண்டில் கேமரா சுக்கல் சுக்கலாக இருந்தது.

டார்சி ஓடி வந்தான். "ஆடாம நின்னுச்சுக்கா, கண்ணு பச்சையா மின்னுச்சு, கங்காருன்னுதான் சுட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். மின்னியது லென்ஸ். வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அப்பா அவன் முதுகைத் தடவி, "சொல்லாம வந்தது நான்தான்டா, வீட்டுக்குப் போ" என்றார். எனக்கு அந்த மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடையோடு வந்தான், நான் கதவைத் திறக்கவில்லை. அதற்காக அப்பா என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

வேறு கேமரா வாங்கி அனுப்பிவிடாதே, அவராகக் கேட்கட்டும். நேற்று ராத்திரி வெளியே வா என்று அவரே கூப்பிட்டார். விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு இருவரும் நின்றோம். வானத்தில் ஒன்று நீளமாகக் கிழித்துக்கொண்டு போனது. பார்த்தீங்களா என்றேன், பார்த்தேன் என்றார். அவர் முகம் டார்சியின் வேலிப் பக்கம் இருந்தது.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். சனிக்கிழமை போன் பண்ணு, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
வெர்னா