துவக்கில் அப்பாவின் பெயர்

8 பெப்ரவரி 2011, செவ்வாய்

சிறைப் பட்டறையில் இன்று நல்ல நாள். கதவுப் பிணைச்சல் பூட்டுகிற வேலை மத்தியானத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது. பட்டறைப் பொறுப்பாளர் லூசியன் எனக்கும் கோப்பி ஊற்றித் தந்தார். மறியலில் இருக்கிறவனுக்குக் கோப்பி! ஞாயிறன்று பன்றி வேட்டைக்குப் போன இடத்தில் அவருடைய துவக்கு தோளிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்து தானாக வெடித்ததாம். நாயின் காது பாதி போய்விட்டது.

பாவம் நாய். ஆனால் நான் துவக்கையே யோசித்துக்கொண்டு கிடக்கிறேன். விழுந்தால் ஏன் வெடிக்க வேண்டும்? சுன்னாகத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்தின காலத்திலிருந்தே எனக்கு இந்த வருத்தம்: பழுது என்று கேட்டால் நித்திரை வராது.

19 பெப்ரவரி, சனி

தில்லை பார்க்க வந்தாள். தோய்த்த உடுப்பும் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருப் புதினங்களும் கொண்டுவந்தாள். அப்பா பியர்ஃபித்தில் என் தம்பி இராஜேந்திரன் வீட்டில் சுகமாம். யாரோ எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு, "ஒரு மகன்" என்றாராம். என் பெண்சாதிக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

ஒரு மகனோ! அப்ப நான் ஆர்?

கழகத்துக் கால்பந்துப் போட்டியில் ஒருவன் மண்டையில் கொட்டன் தடியால் போட்டேன். மூன்று வருடம் மறியல் தீர்த்தார்கள். அது சரிதான், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரன் நம்மவர்களின் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி வைத்திருக்கிறான். தவரத்தினம் என்று இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. காலையும் மாலையும் காவலர் "ஞானரட்ணம்!" என்கிறார்கள், நான் கை தூக்குகிறேன். அப்பா கடைசியாக என்னோடு பேசியது அதைப் பற்றித்தான்: "என்ரை பேரைக் கொண்டுபோய் மறியலுக்கை வைச்சிட்டாய்." ஊரெல்லாம் படிப்பித்த வாத்தியார். சொன்னதில் என்ன பிழை?

3 மார்ச், வியாழன்

பல்லுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் வான் சடாரென்று பிரேக் போட்டது, இருக்கைப் பட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. மெல்ல இழுத்தால் வருகிறது, வெடுக்கென்று இழுத்தால் இறுகுகிறது — எட, இதுதானே! துவக்குக்குள்ளும் இப்படி ஒரு சின்னப் பாரம் இருந்தால்? விழுகிற அதிர்ச்சியில் அது சரிந்து, தோட்டாவில் அடிக்கிற சுத்தியலைத் தடுக்கும். விசையை விரலால் இழுத்தால் வழிவிடும்.

நான் பட்டியை இழுத்து இழுத்துப் பார்க்கக் காவலர் முறைத்தார். பல் கொதிப்பே மறந்துபோயிற்று.

27 மே, வெள்ளி

பிடித்தது!! மரத்தால் செய்த மாதிரியை லூசியன் மேசையிலிருந்து தள்ளிவிட்டார், நிலத்தில் எறிந்தார், கடைசியில் உதைந்தும் பார்த்தார். சுத்தியல் அசையவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, ஐயோ இது சிறை என்று நினைவு வந்தவர்போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். தனக்குத் தெரிந்த வேட்டைத் துவக்குப் பட்டறை ஒன்றுக்கு வரைபடத்தை அனுப்புவாராம்.

22 யூன்

பட்டறைக்காரர் சம்மதம்! முருகா.

11 பெப்ரவரி 2012, சனி

வீடு. மெத்ரோவால் இறங்கினதும் முதல் வேலையாக ஒரு மட்டன் ரோல்ஸ் வாங்கி, நின்ற நிலையிலேயே தின்றேன். வாய் வெந்துபோயிற்று. மனம் நிறைந்திருக்கிறது.

பலசரக்குக் கடை இஞ்ஞாசிக்கு என் கதை முழுக்கத் தெரிந்திருக்கிறது. "அண்ணை, எனக்கொரு பீரங்கி செய்து தாங்கோவன், வாடகைக்காரனை வெருட்ட!" கடையே சிரித்தது. நானும்தான்.

24 ஏப்ரல், செவ்வாய்

லூசியன் என்னைத் துவக்குப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். தீர்ப்பின்படி ஐந்து வருடம் நான் ஆயுதம் தொடக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், கோயிலில் நிற்கிறவன்போல. என் தடுப்பைப் பூட்டின துவக்கைத் திருப்பித் திருப்பி விழுத்தினார்கள். ஒருமுறைகூட வெடிக்கவில்லை. தொட்டுப் பார்க்க விரல் துடித்ததே!

பிறகு முதலாளி சொன்னார்: தடுப்பின் மேல் கண்டுபிடித்தவரின் குடும்பப் பெயரைப் பொறிப்பது இங்கே வழக்கம். ஞானரட்ணம்.

அது அப்பாவின் பெயர். முதலில் மறியலில், இப்போது துவக்கிலா? கரப்பானைக்கூட அடிக்க விடாத சைவக்காரர் அவர். தில்லை ஒரே சொல்லாய்ச் சொல்லிவிட்டாள்: "பேர் அந்த மனுசன்ரை. கேக்காமல் போடாதேங்கோ."

29 ஏப்ரல், ஞாயிறு

பியர்ஃபித்துக்குப் போனேன். மூன்று வருடமாகக் காணாத முகம். நன்றாக மெலிந்துவிட்டார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"துவக்கிலையோ? என்ரை பேரையோ?"

"சுடுற துண்டில்லை அப்பா. தடுக்கிற துண்டு. விழுந்தால் வெடியாது."

"விழுத்திப் பாத்தவையோ?"

"ஓம்."

"ஒருக்காலும் வெடிக்கேல்லையோ?"

"இல்லை அப்பா."

எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி ரயில் நிலையம்வரை வந்து, "யோசிப்பார் அண்ணை" என்றான். என்னத்தை யோசிக்கிறது? என்னை ஒருக்கால் நிமிந்து பாத்தால் போதாதோ?

20 மே

அப்பாவிடமிருந்து பதில் இல்லை. பெயர் ஒன்றும் பொறிக்க வேண்டாம் என்று முதலாளிக்குச் சொல்லிவிட்டேன். துவக்கு விற்கத் தொடங்கிவிட்டது. லூசியனும் ஒன்று வாங்கியிருக்கிறார்.

15 செப்டம்பர், சனி

இஞ்ஞாசி கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் அப்பாவின் இருமல். தம்பி காரை நிறுத்த இடம் தேடிப் போயிருக்க வேண்டும், அவர் தனியாக மரக்கறித் தட்டடியில் நின்றார். நான் அரிசி மூட்டைகளுக்கு இந்தப் பக்கம். அவர் என்னைக் காணவில்லை.

பக்கத்தில் நின்ற சாரதாதேவி அக்கா, நம்மவர்கள் யாரையும் விடாமல் கேட்கிற, யாருடைய சொந்தம் என்கிற கேள்வியைக் கேட்டார்: "ஐயாவைத் தெரியேல்லை. ஆற்றை ஆள்?" நான் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். சுன்னாகத்து ஞானரட்ணம் வாத்தியார் என்பார். இராஜேந்திரனின் வீட்டில் இருக்கிறேன் என்பார்.

"தவரத்தினத்தைத் தெரியுமோ பிள்ளை? மறியலுக்கை இருந்து துவக்குக்குப் பூட்டுக் கண்டுபிடிச்சவன்," என்றார் அப்பா. "நான் அவன்ரை தகப்பன்."