பாதையில் முள் பரப்பிய சித்தப்பாவுக்கு

பாசமுள்ள சித்தப்பா,

பாசம் என்று எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் போய்ச் சேர்ந்தவருக்கு எழுதும்போது இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் போலிருக்கிறது. அங்கே சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் எங்கே இருந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் சௌக்கியம் இருக்காது.

உங்கள் புஞ்சை வழியாக நான் நடந்து போனவரை நமக்குள் ஒரு சண்டையும் இல்லை. நம் ஊரிலிருந்து அவனியாபுரம் ரோட்டுக்குப் போக எல்லோருக்கும் அதுதான் ஒற்றையடிப் பாதை. மதுரையில் மில் வேலை கிடைத்து, நான் ஒரு பழைய சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த அன்றுதான் உங்களுக்குப் பித்தம் தலைக்கேறியது.

"நடந்து போனா அது பாதைடா. சக்கரம் உருண்டா வண்டிப்பாதை. இன்னைக்கு உன் சைக்கிளு, நாளைக்கு ஊர் மாட்டுவண்டி பூராம் என் வெள்ளாமையில ஏறும்" என்று கத்தினீர்கள்.

மறுநாள் காலையில் பாதை நெடுக உடைமரத்து முள்ளை வெட்டிப் பரப்பியிருந்தீர்கள். நடப்பவர்கள் ஒதுங்கிப் போக மட்டும் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தீர்கள். அந்த நியாயம் ஒன்றுதான் குறைச்சல்! சொந்த அண்ணன் மகனுக்குச் செய்கிற காரியமா அது?

கண்மாயைச் சுற்றிப் போனால் மில் சங்கு ஊதி கேட்டை அடைத்துவிடுவார்கள். "இனிமே லேட்டா வந்தா வீட்லயே இருந்துக்க" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். என் பெண்டாட்டி பிள்ளைகளின் சோறு அந்த கேட்டுக்கு உள்ளே இருந்தது. அது உங்களுக்கும் தெரியும்.

சைக்கிள் கடை காதர் அண்ணனிடம் போய் நின்றேன். "பழைய டியூப்பை நீளமா வெட்டி டயருக்குள்ள பட்டையா வைப்போம் தம்பி. முள்ளு அதோட நின்னுக்கும்" என்றார். நெருஞ்சி முள் நின்றது. உங்கள் உடைமுள் நிற்கவில்லை. தோல் பட்டை வைத்தோம். சைக்கிள் மாடு மாதிரி கனத்தது, மிதிக்க முடியவில்லை. அப்புறம் மட்காடில் ஒரு கம்பியை வளைத்து, டயரை லேசாக உரசும்படி கட்டிவிட்டார். குத்திய முள் ஆழமாக இறங்குவதற்குள் கம்பி அதைத் தட்டிவிட வேண்டும். சின்ன முள்ளையெல்லாம் அது தட்டிவிட்டது. அன்று மாலையே நீங்கள் இன்னும் நீளமான முள்ளாகத் தேடிக் கொண்டுவந்து போட்டீர்கள்.

"தம்பி, உன் சித்தப்பனுக்குப் பட்டை கட்டுனாத்தேன் உன் டயரு பொழைக்கும்" என்று காதர் அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்பீர்கள். வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீங்கள் வேடிக்கை பார்க்க, உங்கள் கண் முன்னால் நான் அதைச் சுமக்கவா? அதற்குப் பஞ்சர் ஒட்டியே சாகலாம் என்று இருந்தேன். உலகச் சண்டை வந்து டயருக்குப் பஞ்சம் வந்த பிறகும் நீங்கள் விடவில்லை, நானும் விடவில்லை.

பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனீர்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளிச்சட்டி என் கைக்குத்தான் வந்தது. சுடுகாட்டுக்கும் அதே பாதைதான் என்பது அழுகிற அவசரத்தில் யாருக்கும் நினைவில்லை. பாடையோடு புஞ்சை ஓரத்தில் போய் நின்றோம். முந்தின நாள் நீங்கள் போட்ட முள் பச்சை மாறாமல் கிடந்தது. ஓரத்து இடத்தில் பாடை போகாது.

"பாடையக் கீழ வைக்கக் கூடாதுப்பா, முள்ள ஒதுக்குங்க, சீக்கிரம்!" என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். கம்பால் கிளைகளை ஒதுக்கினார்கள். உதிர்ந்த முள் மண்ணிலேயே கிடந்தது. செருப்பில்லாத காலோடு, சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். ஒரு முள் குதிகாலில் முழுசாக இறங்கியது. குனிந்து பிடுங்கவும் வழியில்லை.

"பாரு, பெத்த புள்ள மாதிரி அழுகுறான்" என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. முள்ளுக்கு அழுதேன் சித்தப்பா. உங்களுக்கு இல்லை. தெரிந்துகொள்ளுங்கள்.

காரியம் முடிந்து வேலைக்குக் கிளம்பினேன். இனி நிம்மதி என்று பாதைக்கு வந்தால், மறுபடியும் முள்! சித்தி அங்கே அரிவாளோடு நின்றது. இறங்கிக் கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"வையாதப்பா. எனக்கு இந்தப் புஞ்சைய விட்டா யாரு இருக்கா? அவரு இல்லேன்னதும் நேத்தே ஒருத்தன் வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டான்" என்றது. கையெல்லாம் கீறல். அதற்கு முள் வெட்டிப் பழக்கமில்லை.

நான் என்ன செய்யட்டும்? உங்களிடம் போட்ட சண்டையை அதனிடம் போட முடியுமா? சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓரமாக நடந்தேன். இப்போது தினமும் அப்படித்தான். முன்னைவிடச் சீக்கிரம் எழுந்து கிளம்புகிறேன். டயர் பஞ்சராவதே இல்லை. காதர் அண்ணன் என்னை மறந்தே போயிருப்பார்.

ஜெயித்துவிட்டோம் என்று அங்கே மீசையை முறுக்காதீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன்: சித்தி இருக்கும்வரை என் சக்கரம் உங்கள் மண்ணில் படாது. நான் மட்டுமல்ல, எவன் வண்டியும் ஏறாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் முள்ளை நானே வெட்டிப் போடுகிறேன். அந்தக் கையால் சித்தி இனி வெட்ட வேண்டாம். சித்தி காலத்துக்குப் பிறகு அந்தப் புஞ்சை என்னிடம்தான் வரும். அன்றைக்கு நடுவயலில் வண்டிப்பாதை போட்டு, முதல் வண்டியை நானே ஓட்டுவேன். முடிந்தால் எழுந்து வந்து மறித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கொள்ளி வைத்த அண்ணன் மகன்.