நாயின் இடது காது

பிப்ரவரி 5, ஞாயிறு

ஹாஜி ஷவ்கி திருடன். கடை வாசலில் மூன்று மொழிகளில் "முழுக்கக் கையால் செய்தது" என்று எழுதி மாட்டியிருக்கிறார். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் சீன மெஷின் ஓடுகிறது. ஒட்டக எலும்பை வைத்தால் கால் மணியில் நாய்த்தலை வைத்த குச்சியாக வருகிறது.

எகிப்தை ஆண்ட பரோ மன்னர்கள் காலத்து ஆட்டம். ஐந்து நாய், ஐந்து நரி, ஐம்பத்தெட்டு குழி உள்ள ஒரு பலகை. ஆட்டுக் கணுவெலும்பை உருட்டி, விழுந்ததற்கேற்பக் குச்சியைக் குழி குழியாக நகர்த்த வேண்டும். வாங்குகிறவன் ஒருவனும் ஆடமாட்டான். அலமாரியில் வைப்பான்.

மெஷின் குச்சி மழமழவென்று இருக்கிறது. அப்படி இருந்தால் வெளிநாட்டான் சந்தேகப்படுவான். அதனால் தவ்லத் அக்காவும் நானும் அரத்தை வைத்துக்கொண்டு அதில் தப்புப் போடுகிறோம். நாய்க்கு அக்கா, நரிக்கு நான். கெய்ரோவில் வணிகவியல் டிப்ளமா வாங்கியவளுக்குக் கிடைத்த வேலை: நரியின் மூக்கைக் கோணலாக்குவது.

பிப்ரவரி 8, புதன்

அக்காவுக்கு வலது கை நடுங்குகிறது. இரண்டு வருஷமாக. முதலில் ஹாஜி கத்தினாராம், "எலும்பை வீணாக்காதே, வீட்டுல போய்க் கிட" என்று. பிறகு பெல்ஜியத்திலிருந்து வந்த வியாபாரியம்மா ஒரு தட்டு நாய்களைக் கிளறி, அக்கா அராவிய ஒன்றை எடுத்து, "இது மூச்சு விடுகிறது" என்றாளாம். அன்றிலிருந்து நடுக்கத்துக்கு மரியாதை. அக்காவுக்கு அல்ல.

இன்று ஹாஜி என்னிடம் வந்தார்.

"தவ்லத் மாதிரி கொஞ்சம் நடுங்கிச் செய்யேன் புள்ள. உன் நரியெல்லாம் பள்ளிக்கூடத்துல வரிசையில நிக்குற மாதிரி நிக்குது."

"எனக்கு வியாதி இல்லையே ஹாஜி."

அக்காவுக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. "ஒரு மாசம் இவரு டீயக் குடி, நெஸ்மா. தானா வந்துடும்."

பிப்ரவரி 12, ஞாயிறு

தன் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் பரோவுக்கு எலும்பில் பொம்மை செதுக்கியவன் என்று ஹாஜி ஒரு ஸ்பானியக் கூட்டத்திடம் சொன்னார். போன வாரம் ஜெர்மானியர்களிடம் அதே ஆள் பூசாரி.

பிப்ரவரி 20, திங்கள்

அக்கா மாத்திரையை வேலை முடிந்த பிறகுதான் போட்டுக்கொள்கிறாள் என்று இன்று தெரிந்தது. காலையில் போட்டால் கை நடுக்கம் நின்றுவிடுகிறது. கை நின்றால் நாய் செத்துவிடுகிறது என்று ஹாஜி சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொன்னாராம். இவளும் கேட்டுக்கொண்டாளாம்.

"உனக்குப் புத்தி இருக்காக்கா?"

"புத்தி இருந்தா பத்தொன்பது வருஷம் இங்க உக்காந்திருப்பேனாடி?"

அந்த மாத்திரையும் சொந்தக் காசு. காப்பீட்டில் பெயர் இருந்தால் ஆஸ்பத்திரியில் சும்மா தருவார்கள், பிறகு ஓய்வூதியமும் வரும். அக்காவுக்குச் சேர்ப்புப் படிவமே போடவில்லை. ஆனால் தேதி போடாத ராஜினாமாத் தாளில் மட்டும் முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டார். என்னிடமும்தான். நாம் உள்ளே வருவதற்கு முதலாளிக்குத் தாள் வேண்டாம். வெளியே போவதற்கு வேண்டும்.

நோன்பு தொடங்குவதற்குள் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேள் என்றேன். கேட்கிறேன் என்றாள். அவள் கேட்கமாட்டாள். இப்படிப் பொறுத்துப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஹாஜி மேல் வருவதைவிட ஆத்திரம் வருகிறது.

பிப்ரவரி 22, புதன்

கேட்டுவிட்டாள்! நான் நினைத்தது தப்பு. மதியம் அவரைப் பருப்பு மசித்து வைத்த ஃபூல் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே போய்க் கேட்டாள்.

"ஹாஜி, இந்தக் கை எத்தனை நாளுக்கு ஓடும்னு தெரியல. என் பேர காப்பீட்டு ஆபீஸ்ல எழுதிடு."

"எழுதாம? நீ என் கூடப்பொறந்தவ மாதிரி. பெல்ஜியத்துக்கு நூறு பெட்டி போகட்டும், மறுநாளே எழுதுறேன்."

அக்கா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தாள்.

மார்ச் 1, புதன்

ஹாஜியின் மகன் தாமர் சுழலும் தட்டு ஒன்றும் புதுக் கேமராவும் கொண்டுவந்தான். அக்காவின் நாய்களை அட்டவணைப் புத்தகத்துக்குப் படம் எடுக்க வேண்டுமாம்.

"டாக்டரம்மா, கொஞ்சம் தட்டைச் சுத்துங்க." படித்தவள் என்று என்னைக் குத்துவதற்கு அவன் வைத்த பெயர்.

அக்கா தன் நாய்களில் நல்லதைத் தானே தேர்ந்தெடுத்தாள். இடது காதில் அரம் வழுக்கி ஒரு வெட்டு, கழுத்தில் மூன்று அலைக்கோடு. "இவன்தான் என் மாப்பிள்ளை," என்று முக்காட்டு நுனியில் துடைத்து வைத்தாள். நான் தட்டைச் சுற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக, அவன் சொன்ன அளவுக்கு. முழுச் சுற்று. பிறகு படுக்க வைத்து இன்னொரு சுற்று.

ஒரு படத்துக்கு எதற்கு இத்தனை சுற்று என்று நான் கேட்கவில்லை. எல்லாரையும் கேள்வி கேட்கிறவள்.

மார்ச் 9, வியாழன்

நூறு பெட்டிக்கான நாய்கள் முடியப்போகின்றன என்றான் தாமர். பெட்டிக்கு ஐந்து, மொத்தம் ஐந்நூறு; அக்கா ஒரு நாளில் இருபதுதான் முடிப்பாள். கணக்கு இடிக்கிறது.

மார்ச் 13, திங்கள்

அக்காவை அனுப்பிவிட்டார்கள்.

காலையில் வந்தபோது அவள் முக்காலியில் ஹாஜியின் மருமகள் உட்கார்ந்து பெட்டிக்குள் வெல்வெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். அக்கா வாசலில் நிற்கிறாள். கையில் அவளுடைய அரங்கள், துணியில் சுற்றி. ராஜினாமாத் தாளில் இன்றைய தேதியைப் போட்டுக் காட்டினார்களாம். நீயே போறேன்னு எழுதிக் குடுத்திருக்கே பாரு, உன் கையெழுத்துதானே?

நான் திரைச்சீலையை விலக்கினேன். தட்டு நிறைய நாய்கள். ஒன்றை எடுத்தேன். இடது காதில் வெட்டு. இன்னொன்று. இடது காதில் வெட்டு. கழுத்தில் மூன்று அலை. எல்லாத்துலயும். ஒரே எடத்துல, ஒரே ஆழத்துல. அன்னிக்குச் சுத்திச் சுத்தி எடுத்த படத்துலேருந்து அவ கை நடுக்கத்தை அப்படியே மெஷினுக்குக் குடுத்துட்டானுங்க. மெஷின் நடுங்குது. வியாதி இல்லாம நடுங்குது.

தட்டைச் சுத்தினது யாரு? நான்தான். நான்தான் சுத்தினேன்.

அக்காவிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்தாள். காதைத் தடவினாள்.

"அச்சா என்னுதுதான்," என்றாள். பிறகு, "அன்னிக்கு மாத்திரை போட்டிருக்கணும்டி."

மார்ச் 14, செவ்வாய்

வேலைக்குப் போனேன். ஏன் போனாய் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நாளை மறுநாள் பெல்ஜியத்தம்மா வருகிறாள். அதற்காகத்தான். (வாடகைக்காகவும்.)

மார்ச் 16, வியாழன்

அவள் வந்தாள். எங்கள் சந்தில் யாரும் போடாத வெள்ளைச் சப்பாத்து. ஹாஜி புதினா டீ ஊற்றி, "நம்ம தவ்லத் இன்னிக்கு லீவு," என்று ஆரம்பித்தார். தாமர் மொழிபெயர்த்தான்.

நான் பன்னிரண்டு பெட்டிகளிலிருந்து பன்னிரண்டு நாயை எடுத்து அவள் முன்னால் பலகைக் குழிகளில் வரிசையாகக் குத்தினேன். எல்லாவற்றின் இடது காதையும் அவள் பக்கம் திருப்பினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பாருங்கள், ஒரே தப்பு, பன்னிரண்டு, என்றேன்.

ஹாஜியின் முகம் ஊறிய ரொட்டி மாதிரி ஆனது. அவள் குனிந்தாள். கண்ணாடி போட்டாள். ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த விரல் ஆறாவது நாயில் நின்றது, நான் பார்த்தேன்.

பிறகு நிமிர்ந்து ஏதோ சொன்னாள். தாமருக்கு வாயெல்லாம் பல்.

"தரம் மாறாம ஒரே மாதிரி இருக்காம். அடுத்த தடவை இருநூறு பெட்டியாம், டாக்டரம்மா."

பூமியில் எத்தனை திருடர்கள்! ஒருவன் செய்கிறான், ஒருத்தி தெரிந்தே வாங்குகிறாள், அலமாரியில் வைக்கிறவன் மூச்சு விடுகிறது என்று விருந்தாளிக்குக் காட்டுகிறான்.

அவள் போனதும் ஹாஜியின் எதிரில் நின்றேன். "ஹாஜி, அக்கா ராஜினாமா பண்ணான்னு தாள் வச்சிருக்கீங்க. வேலையில சேராதவ எப்படி ராஜினாமா பண்ணுவா? பத்தொன்பது வருஷத்துக்கு முன் தேதி போட்டுச் சேர்ப்புப் படிவம் எழுதுங்க."

அவர் எழுந்து போய் மெஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

என் ராஜினாமாத் தாளுக்கு இன்றே தேதி கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 30, ஞாயிறு

பெருநாள் போய் ஒரு வாரம். கெய்ரோவின் சுப்ரா பகுதியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். மாத்திரையில் ஒரு அட்டை சலுகை விலையில் கிடைக்கிறது. அக்கா இப்போது மூன்று வேளையும் போட்டுக்கொள்கிறாள். கை நின்றுவிட்டது. "பாருடி, கல்யாணப் பொண்ணு கை மாதிரி," என்று டீக் கோப்பையைச் சிந்தாமல் தூக்கிக் காட்டினாள். அந்தக் கைக்கு எங்கும் வேலை இல்லை.

தொழிலாளர் ஆபீஸில் அவள் அங்கே வேலை பார்த்ததற்குச் சான்று கேட்கிறார்கள். இருக்கிற ஒரே சான்று ஹாஜியின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பத்தொன்பது வருஷப் பழைய கையெழுத்து, மார்ச் 13 தேதி.

ஒவ்வொரு ஞாயிறும் ஹாஜியின் போனுக்கு ஒரே செய்தியை அனுப்புகிறேன். இன்று ஏழாவது. அனுப்பிய அரை நிமிஷத்தில் நீலக் குறி இரண்டும் விழுகின்றன. படிக்கிறார்.

"தவ்லத்தின் ராஜினாமாத் தாளைக் கொடு."