பீரோவில் மடித்து வைத்த சட்டைகள்

ஏப்ரல் 28
பம்புசெட் தண்ணீரில் குறுவை நடவு தொடங்கிவிட்டது. எல்லோரும் புடவைக்கு மேல் புருஷன் சட்டை. நான் மட்டும் கொழுந்தனுடைய கறுப்பு கபடி டீசர்ட். “உம் புருசன் சட்டையையெல்லாம் பூட்டி வச்சு பூசை பண்றியா?” என்றார் பக்கத்து வீட்டு மலர்க்கொடி அக்கா. பண்ணுகிறேன், அதனால் என்ன? சேற்றுக் கறை போகாது. ஜூன் பத்தாம் தேதி அவர் சிங்கப்பூரிலிருந்து வந்து பீரோவைத் திறந்தால், ஆறு பருத்திச் சட்டையும் விட்டுப்போன மாதிரியே இருக்க வேண்டும்.

மே 9
முதுகெல்லாம் வேர்க்குரு. டீசர்ட் தோலோடு ஒட்டிக்கொள்கிறது.

மே 14
களை எடுக்கும்போது வரப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டேன். ஈர டீசர்ட் தலை வழியாகக் கழற்ற வரவில்லையாம். அக்கா அரிவாளால் கிழித்து, தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். நர்ஸம்மா திட்டினார்: “இந்த வெயில்ல பாலியஸ்டரா? அதுவும் கறுப்புல, இறுக்கமா! பருத்தியா, வெளிர் கலர்ல, தொளதொளன்னு போடுங்க. உள்ள காத்து போவணும். கொஞ்சம் தாமதிச்சிருந்தா உசிருக்கே ஆபத்து.”

மே 15
போனில் அவர் கத்தினார்.
“சட்டை பெருசா, நீ பெருசாடி?”
“நீங்க வந்தா போட்டுக்கத்தானே வச்சிருக்கேன்!”
“இப்ப வரலை ஈஸ்வரி. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றார்.
எப்போது போட்டாராம்? என்னைக் கேட்க வேண்டாமா? நான் பாட்டுக்கு இஸ்திரி போட்டு, அடுக்கி — பைத்தியக்காரி. அழுது தீர்த்தேன்.

மே 19
வெளிர் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கை நீளம், இரண்டு மடிப்பு மடித்தேன். காற்று உள்ளே போகிறது. தலையில் துண்டு, துணைக்கு மோர்ச் சொம்பு.

மே 27
நான்காவது சட்டையும் வயலுக்குப் போய் வந்தது. காலரில் சேறு. தேய்க்கவில்லை.

ஜூன் 10
இரண்டாம் களை முடிந்தது. அக்காவின் சட்டை முதுகில் கிழிந்து, வெயில் பட்டுத் தோல் சிவந்திருந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
“அய்ய, நல்ல சட்டைடி. உம் புருசன் குணசேகரன் வந்தா கேக்காதா?”
“வந்தா புதுசு எடுத்துக்கட்டும்க்கா. நீங்க போட்டுக்குங்க.”
போட்டுக்கொண்டார். அவருக்கு அளவாக இருந்தது.